ஆமையை வகைப்படுத்தக் கற்போம்: பாலூட்டியிலிருந்து பிரியும் இடம் முதல் இனத்தின் பெயர் வரை

பாக் விரிகுடாவில் ஆழம் குறைந்த இடங்களில் கடலடி முழுக்கப் புல் வளர்ந்து கிடக்கிறது. அந்தப் புல்லை மேய இரண்டு பெரிய விலங்குகள் வருகின்றன. ஒன்று பேராமை. இன்னொன்று மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசு. இரண்டுக்கும் முன்கால்கள் துடுப்பாகியிருக்கின்றன. இரண்டும் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். உண்பது ஒரே புல், இருப்பது ஒரே கடல். ஆனால் ஆவுளியாவுக்கு நெருங்கிய சொந்தம் யானை. பேராமைக்கு நெருங்கிய சொந்தம் முதலையும் பறவையும். இரண்டு வம்சமும் பிரிந்து 31 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஆமைகளை வகைப்படுத்தக் கற்றுக்கொள்ள இந்த ஜோடியைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. இந்த வழிகாட்டியில் மேலிருந்து கீழே இறங்கப் போகிறோம். முதலில் பாலூட்டியா ஊர்வனவா. அப்புறம் ஊர்வனவற்றில் எந்த வரிசை. பிறகு துணைவரிசை, குடும்பம், கடைசியில் இனம். விலங்கு எங்கே வாழ்கிறது, பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இதில் இரண்டாம் பட்சம். உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த வம்சத்தில் வந்தது என்பதுதான் முக்கியம்.

முதல் படி: பாலூட்டியா, ஊர்வனவா?

முட்டை, செதில், தண்ணீர் ஆகிய மூன்றையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். பலரும் இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள், மூன்றுமே ஏமாற்றும். பிளாட்டிபஸும் எக்கிட்னாவும் முட்டையிடுகின்றன. ஆனாலும் பொரிந்த குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டிகள். நம் வயல்வெளிகளில் திரியும் கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி போடுகிறது, அது ஊர்வன. உடம்பு முழுக்கச் செதில் போர்த்திய அழுங்கு பாலூட்டி. தண்ணீரில் வாழ்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், திமிங்கிலம் ஒன்றே போதும்.

நம்பக்கூடிய அடையாளம் எது? பாலும் முடியும். ஆவுளியாவின் முகவாயில் முரட்டு முடிகளைப் பார்க்கலாம், உடம்பிலும் அங்கங்கே முடி உண்டு. தாயின் துடுப்புக்கு அடியில், அக்குள் பக்கம் முலைக்காம்பு இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். ஒன்றரை ஆண்டு வரைகூடப் பால் கொடுக்கும். பேராமையின் வழி நேர் எதிர். இரவில் கரையேறி மணலில் குழி தோண்டி நூறுக்கும் மேல் முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் தாயைப் பார்ப்பதே இல்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது: ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் நடுநிலை, அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள் கூடும். பாலூட்டிகளில் அந்தத் தீர்மானம் கருவுறும்போதே குரோமோசோமில் முடிந்துவிடுகிறது.

அடுத்தது உடல் வெப்பம். பாலூட்டி தின்ற உணவின் பெரும்பகுதியை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது. ஊர்வன வெயிலையும் நீரின் வெப்பத்தையும் நம்பி இருக்கின்றன. ஆவுளியா ஒரு நாளில் 30, 40 கிலோ புல் மேய வேண்டியிருப்பதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வர வேண்டியிருப்பதும், பேராமை கடலடியில் மணிக்கணக்கில் அசையாமல் ஓய்வெடுக்க முடிவதும் இதனால்தான். 'குளிர் ரத்தப் பிராணி' என்ற சொல்லை நான் தவிர்த்துவிடுவேன். வெயில் காயும் ஓணானின் ரத்தம் நம் ரத்தத்தைவிடச் சூடாகக்கூட இருக்கலாம். ஊர்வனவற்றிலும் விதிவிலக்கு உண்டு: ஏழுவரி ஆமை என்ற கடலாமை தன் பெரிய உடம்பிலும் கொழுப்பிலும் வெப்பத்தைத் தேக்கி, சுற்றியுள்ள நீரைவிட 18 டிகிரி வரை சூடாக இருக்க வல்லது. அதனால்தான் கனடா நாட்டுக் குளிர்ந்த கடல் வரை அது இரை தேடிப் போகிறது.

முடியும் பாலும் புதைபடிவத்தில் அநேகமாகக் கிடைக்காது. அப்போது ஆய்வாளர்கள் பார்ப்பது தாடையை. பாலூட்டியின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஒரே எலும்பு. ஊர்வனவற்றில் பல எலும்புகள் சேர்ந்து தாடை ஆகிறது. நடுக்காதிலோ கணக்கு தலைகீழ்: பாலூட்டிக்கு சுத்தி, பட்டை, அங்கவடி என்று மூன்று எலும்புகள்; ஊர்வனவற்றுக்கு ஒன்றே ஒன்று. இந்த இரண்டு கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. பாலூட்டிகளின் முன்னோரிடம் தாடை மூட்டாக இருந்த இரண்டு எலும்புகள் காலப்போக்கில் சுருங்கி, தாடையை விட்டுக் காதுக்குள் போய்ச் சுத்தியும் பட்டையும் ஆகிவிட்டன. பாலூட்டிக் கருக்களை ஆராய்ந்த ஜெர்மன் உடற்கூறியலாளர் கார்ல் ரைகர்ட் 1837-லேயே இதைக் காட்டினார். பின்னால் கிடைத்த புதைபடிவங்கள் இடைக்கட்டங்களையும் காட்டிவிட்டன. நீங்கள் இப்போது சத்தம் கேட்கப் பயன்படுத்தும் அதே இரண்டு எலும்புகளை வைத்துத்தான் பேராமை புல்லைக் கடிக்கிறது. உயிரியலில் இதைவிட என்னை வியக்க வைத்த செய்தி அதிகம் இல்லை.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாலூட்டி இதயத்துக்கு நான்கு அறைகள். ஆமைக்கு இரண்டு மேலறைகளும் (ஆரிக்கிள்), பாதித் தடுப்புள்ள ஒரு கீழறையும் (வெண்ட்ரிக்கிள்). ஆனால் முதலைக்கு நான்கு அறைகள் உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பாலூட்டியின் சிவப்பணுவில் உட்கரு இல்லை, ஊர்வனவற்றில் இருக்கிறது. கழுத்தெலும்பு ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் ஆவுளியாவுக்கும் ஏழு, ஆமைக்கு எட்டு. பாலூட்டிக்கு மூச்சிழுக்க உதரவிதானம் இருக்கிறது. ஆமைக்கு அது இல்லை. விலா எலும்புகளையும் அசைக்க முடியாது. கால்களை ஒட்டிய தசைகளாலும் வயிற்றுத் தசைகளாலும் நுரையீரலை அமுக்கியும் விரித்தும் மூச்சு விடுகிறது.

நுரையீரல் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். கடலாமைக்குச் செவுள் கிடையாது. இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத்திணறிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, மீன் மாதிரித் தண்ணீரில் வாழும் பிராணி எப்படி மூழ்கிச் சாகும் என்று கேட்டவர்கள் பலர். வகைப்பாடு தெரிந்தால் அந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். வலையில் ஆமை தப்பிக்கும் வாசல் வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

இந்தப் படியை முடிக்கும் முன் ஒரு திருத்தம். 'ஊர்வனவற்றிலிருந்து பாலூட்டிகள் வந்தன' என்று பல பழைய புத்தகங்களில் இருக்கும். இன்றைய புரிதல் அப்படி இல்லை. கருவைச் சுற்றி ஆம்னியான் என்ற சவ்வு உண்டான பிறகு, தண்ணீரை விட்டு விலகி நிலத்தில் முட்டையிட முடிந்த ஒரு பொது மூதாதை இருந்தது. அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு துளை உள்ள கிளை பாலூட்டிகளில் வந்து முடிந்தது. மற்றது ஊர்வனவும் பறவைகளும் ஆனது. ஆக, ஊர்வன நமக்குப் பாட்டன் முறை அல்ல, பங்காளி முறை.

இரண்டாம் படி: ஊர்வனவற்றில் எந்த வரிசை?

இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஊர்வனவற்றை நான்கு வரிசைகளாகப் பிரிக்கிறார்கள். பல்லி, ஓணான், பாம்பு எல்லாம் சேர்ந்த செதிலுடையவை, முதலைகள், நியூசிலாந்தில் மட்டும் வாழும், பார்க்கப் பல்லி போலிருக்கும் டுவாட்டாரா, அப்புறம் ஆமைகள். மொத்தம் உள்ள சுமார் 12,000 இனங்களில் பெரும்பகுதி பல்லியும் பாம்பும்தான். ஆமைகள் சுமார் 360. வம்சப்படி பார்த்தால் பறவைகளும் இந்த மரத்தின் ஒரு கிளைதான்; முதலைக்கு நெருங்கிய உறவு பல்லி அல்ல, காக்கை.

ஆமை வரிசையை அடையாளம் காண ஓடு போதும். ஆனால் ஓடு என்பது உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. அது ஆமை மாட்டிக்கொண்டிருக்கும் பெட்டி அல்ல, முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்த உடம்புதான். அதைக் கழற்ற முடியாது. அடிபட்டால் வலிக்கும், ரத்தம் வரும். எலும்புக்கு மேல், நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆன தகடுகள் பதிந்திருக்கின்றன. தகடுகளின் இணைப்புக் கோடும் கீழே உள்ள எலும்புகளின் இணைப்புக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று வராது, கொத்தனார் செங்கல் வரிசையை மாற்றி மாற்றி அடுக்குவது போல. ஓட்டின் பலத்துக்கு அது ஒரு காரணம்.

உங்கள் தோள்பட்டை எலும்பை இப்போது தொட்டுப் பாருங்கள். அது விலா எலும்புக் கூட்டுக்கு வெளியே, முதுகுப் பக்கம் இருக்கிறது. ஆமைக்கு மட்டும் அது கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. வேறு எந்த முதுகெலும்பிக்கும் இந்த அமைப்பு இல்லை.

இது எப்படி வந்தது? சீனாவின் குய்சோ மாகாணத்தில் கிடைத்து 2008-ல் விவரிக்கப்பட்ட ஓடொண்டோகீலிஸ் என்ற 22 கோடி ஆண்டுப் பழைய ஆமைக்கு வயிற்றுப் பக்க ஓடு முழுமையாக இருந்தது, முதுகுப் பக்க ஓடு முழுமையடையவில்லை. வாயில் பல்லும் இருந்தது. கொஞ்சம் பிந்தி வந்த, ஜெர்மனியில் கிடைத்த புரோகனோகீலிஸுக்கு முழு ஓடு. இன்றைய ஆமைகளுக்குப் பல்லே இல்லை, அலகுதான்.

ஆமையின் மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் துளை கிடையாது. அதனால் நெடுங்காலம் ஆமைகளை ஊர்வனவற்றிலேயே மிகப் பழைய, தனி வம்சமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அதை மாற்றின. துளைகள் முன்பு இருந்து பிறகு மூடிக்கொண்டன. ஆமைகள் முதலை, பறவை ஆகியவற்றின் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் முடிவு.

மூன்றாம் படி: கழுத்து எந்தப் பக்கம் மடங்குகிறது?

ஆமை வரிசைக்குள் இரண்டு துணைவரிசைகள். கழுத்தை மேலும் கீழுமாக மடித்து உள்ளே இழுப்பவை கிரிப்டோடைரா. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்குக் கீழே ஒதுக்குபவை புளூரோடைரா. இரண்டாவது வகை இன்று தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம்தான் இயற்கையாக வாழ்கிறது. அமேசானின் மாட்டமாட்டா ஆமையும் ஆஸ்திரேலியாவின் பாம்புக்கழுத்து ஆமையும் இந்த வகை.

இந்தியாவில் வாழும் ஆமைகள் அத்தனையும் முதல் வகை. ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த பாறைகளில் ஒரு பக்கக்கழுத்து ஆமை கிடைத்தது. 2001-ல் அதற்குக் கூர்மடெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று பெயரிட்டார்கள். கூர்மமும் கல்லமேடும் சேர்ந்த அந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர் அது.

இந்தப் படியில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடலாமையால் தலையை ஓட்டுக்குள் இழுக்க முடியாது. அப்படியானால் அது எந்த வகை? கிரிப்டோடைராதான். முழுதாக இழுக்க முடிகிறதா என்பது கேள்வி அல்ல. கழுத்தெலும்புகள் எந்தத் திசையில் மடங்கும்படி அமைந்திருக்கின்றன என்பதே கேள்வி.

நான்காம் படி: குடும்பம்

நில ஆமை, குளத்து ஆமை, கடலாமை என்று மூன்றாகப் பிரிப்பது பேச்சுக்குச் சரி. ஆனால் அது முகவரியைச் சொல்லும், உறவைச் சொல்லாது. ஒரு தமிழ்நாட்டுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கறுப்பு ஆமையும் பால் ஆமையும் சேர்ந்தே இருக்கும். கொஞ்சம் தள்ளி முட்புதரில் நட்சத்திர ஆமை. கறுப்பு ஆமைக்கு யார் நெருங்கிய சொந்தம்? கூடவே நீந்தும் பால் ஆமை அல்ல, தண்ணீர்ப் பக்கமே அதிகம் வராத நட்சத்திர ஆமை. ஆசியக் குளத்து ஆமைகளின் குடும்பமும் நில ஆமைகளின் குடும்பமும் உடன்பிறப்பு மாதிரி. பால் ஆமை சேர்ந்த மென்னோட்டு ஆமைக் குடும்பம் வெகு காலத்துக்கு முன்பே பிரிந்து போன கிளை.

உலகில் மொத்தம் 14 குடும்பங்கள். நம் பகுதிக்கு ஐந்து தெரிந்தால் போதும். யானைக்கால் போன்ற தூண் கால்களும் உறுதியான ஓடும் இருந்தால் டெஸ்டுடினிடே, அதாவது நில ஆமைகள். விரல்கள் தனியாகத் தெரிந்து, நடுவில் சவ்வும், ஓட்டில் தகடுகளும் இருந்தால் ஜியோஎமிடிடே. தகடே இல்லாமல் தோல் போர்த்திய ஓடு, குழாய் மாதிரி நீண்ட மூக்கு, ஒவ்வொரு காலிலும் மூன்றே நகம் என்றால் டிரையோனிக்கிடே, மென்னோட்டு ஆமைகள். கால்கள் துடுப்பாகி, ஓட்டில் தகடுகள் இருந்தால் கீலோனிடே. துடுப்பு இருந்தும் தகடுகள் இல்லாமல் தோலும் வரிகளுமாக இருந்தால் டெர்மோகீலிடே. அந்தக் குடும்பத்தில் உலகிலேயே மிச்சம் இருப்பது ஒரே இனம்.

ஐந்தாம் படி: இனம்

கடலாமையைப் பொறுத்தவரை எண்ணத் தெரிந்தால் போதும். சென்னையில் 1988 முதல் இரவு நடை போய் ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினரோடு நடப்பவர்கள் அதிகம் பார்ப்பது பங்குனி ஆமை. ஆனால் இந்தியக் கடலில் ஐந்து இனங்கள் உண்டு. கரையில் ஓர் ஆமை ஒதுங்கிக் கிடந்தால் தலைப்பக்கமாக நின்று பாருங்கள்.

தகடு இல்லை, முதுகில் நீளவாக்கில் ஏழு வரி: ஏழுவரி ஆமை.

தகடு இருந்தால், நடு வரிசையை விட்டுவிடுங்கள், ஓரத்துச் சிறு தகடுகளையும் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு பக்கத்தில் எத்தனை பெரிய தகடுகள் என்று எண்ணுங்கள். நான்கு என்றால் பேராமை அல்லது அழுங்காமை. இப்போது கண்களுக்கு நடுவே, மூக்குக்கு மேலே பாருங்கள்: அங்கே ஒரு ஜோடிச் செதில் இருந்தால் பேராமை, இரண்டு ஜோடி இருந்தால் அழுங்காமை. அழுங்காமைக்குக் கிளி மூக்கு போல வளைந்த அலகு. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். ஐந்து என்றால் பெரும்பாலும் பெருந்தலை ஆமை. ஆறும் அதற்கு மேலும் என்றால் பங்குனி ஆமை. இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஏழு என்று சமமில்லாமல்கூட இருக்கும், குழம்ப வேண்டாம்.

சிக்கல் எங்கே வரும் என்றால், சில பங்குனி ஆமைகளுக்கும் ஐந்துதான் இருக்கும். அப்போது செத்த ஆமையானால் வனத்துறையினரோ தன்னார்வலரோ புரட்டும்போது அடிப்பக்கம் பாருங்கள். முதுகு ஓடும் வயிற்று ஓடும் சேரும் இடத்தில் உள்ள தகடுகள் பங்குனி ஆமைக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியது போல ஒரு சிறு துளை. பெருந்தலை ஆமைக்கு அங்கே பொதுவாக மூன்று, துளை கிடையாது. அந்தத் துளையைக் கண்டுவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

நில ஆமையும் குளத்து ஆமையும் இதைவிட எளிது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்திருந்தால் நட்சத்திர ஆமை. கழுத்துக்கு நேர் மேலே ஓட்டின் விளிம்பில் மற்ற ஆமைகள் பலவற்றுக்கு இருக்கும் குட்டித் தகடு இதற்கு இருக்காது. வயிற்றோட்டின் பின்பக்கம் இரண்டு மடல் இருந்து, பின்கால்களை இழுத்ததும் அவை மூடிக்கொண்டால் பால் ஆமை. கறுத்த ஓட்டில் நீளவாக்கில் மூன்று மேடுகள் இருந்தால் கறுப்பு ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது நம் ஊர் ஆமையே இல்லை: அமெரிக்காவின் மிசிசிப்பி பகுதியிலிருந்து கண்ணாடித் தொட்டி வியாபாரத்தில் வந்த சிவப்புக்காது ஆமை.

ஆறாம் படி: பெயரை எழுதுவது

இப்போது பேராமையின் முழு ஏணி: விலங்குலகம், முதுகுநாணிகள் தொகுதி, ஊர்வன வகுப்பு, ஆமைகள் வரிசை, கிரிப்டோடைரா துணைவரிசை, கீலோனிடே குடும்பம், கீலோனியா பேரினம், கீலோனியா மைடாஸ் இனம். 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் டெஸ்டுடோ மைடாஸ். பாலூட்டிகள் என்ற வகுப்புக்குப் பெயர் வைத்த அதே நூலில் அவர் ஆமை, பாம்பு, தவளை எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் போட்டிருந்தார். பிரித்தது பின்னால் வந்தவர்கள். உறவு பற்றிய அறிவு மாறும்போது பெயரின் முன்பாதி மாறும், பின்பாதி பெரும்பாலும் நிலைக்கும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுத் தரையில் வாழும் பிரம்பு ஆமையை 1912-ல் ஜியோஎமிடா சில்வாட்டிக்கா என்று விவரித்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. 1982-ல் சென்னை முதலைப் பண்ணையில் பணிபுரிந்த ஜே. விஜயா, கேரளக் காட்டில் அதை மறுபடி கண்டுபிடித்தார். இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் அவர். 1987-ல் இளம் வயதிலேயே மறைந்தார். அந்த ஆமை தனிப் பேரினம் என்று மரபணு காட்டியதும் 2006-ல் அவர் பெயரையே வைத்தார்கள்: விஜயாகீலிஸ் சில்வாட்டிக்கா. அது காட்டுத் தரையில் நடமாடினாலும் நில ஆமைக் குடும்பம் அல்ல, குளத்து ஆமைகளின் ஜியோஎமிடிடே குடும்பம்.

கடைசியாக, நீங்களே ஓர் ஆமையைப் பார்த்து வகைப்படுத்தும்போது: கையில் தூக்காமல் நான்கு படம் எடுங்கள். முதுகு ஓடு நேர் மேலிருந்து, தலை நேர் முன்னிருந்து, தலை பக்கவாட்டில், முன்கால் நகங்கள் தெரியும்படி ஒன்று. முட்டையிட வரும் கடலாமையிடம் டார்ச்சோ ஃபிளாஷோ அடிக்காதீர்கள், முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். 2019-ல் அது, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது, எந்த நாட்டுக்கும் வணிகத்துக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டுத் தொட்டியில் சிவப்புக்காது ஆமை பெரிதாகிவிட்டது என்றால் கோயில் குளத்தில் விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் பால் ஆமையோடும் கறுப்பு ஆமையோடும் இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் அது போட்டி போடும். அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.